வெள்ளிப் பேணி

அடுத்த வருஷமும் எயிட்ஸ் தடுப்பு வேலைக்கு உதவி தருவதா என்று முடிவு செய்ய வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரி வருகிறார், கூட ஒரு நோயாளியும் வருகிறார் என்று அந்த வேலையைச் செய்யும் குணலட்சுமிக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் கொழுத்த மனிதர், மடிப்புக் குலையாத சட்டை. மற்றவர் எலும்பும் தோலுமாய் இருமிக்கொண்டிருந்தார்.

குணலட்சுமி குசினிக்குள் போய்த் தங்கையிடம் கிசுகிசுத்தாள்.

"அதிகாரிக்கு வெள்ளிப் பேணியிலை தேத்தண்ணி ஊத்து. மெலிஞ்சவருக்கு உந்தப் பழைய பால்மாப் பேணியிலை குடு. பிறகு எறிஞ்சுவிடலாம்."

தேத்தண்ணீர் வந்தது.

"ஒரே பேணியிலை குடிச்சாலும் உது தொத்தாது எண்டு குருநகர்ச் சனத்துக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுறம், ஐயா" என்றாள் கொழுத்தவரிடம்.

மெலிந்தவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதிகாரி நான்தான், தங்கச்சி. கிளாலிக் கடலிலை தோணியிலை வரேக்கை நனைஞ்சு சளி பிடிச்சிட்டுது."



கொழுத்தவர் தன் கையிலிருந்த பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குசினிக்கை நீங்கள் கதைச்சது கேட்டது, பிள்ளை. அப்ப இந்த வெள்ளிப் பேணியையும் எறியப் போறியளோ?"