உடனே அடித்தது

புஷ்பராஜ் மஞ்சள் கடவையில் கால் வைத்ததுதான் தாமதம், கொழும்பு-காலி வீதியில் பறந்துவந்த பஸ் ஒன்று அவர் மூக்கடியில் பிறேக் அடித்து நின்றது.

நெஞ்சு திக்கென்றது.

மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர், "பிஸ்ஸுத அய்யே?" என்று, பைத்தியமா எனச் சிங்களத்தில் கத்தினான். பின்னால் திறீவீல்கள் ஹோர்ன் அடித்தன. வெள்ளவத்தை மார்க்கெட் வாசலில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

புஷ்பராஜ் நடுத்தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி நிஷாந்தினி அவர் சேர்ட்டைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தாள். இழுத்த இழுப்பில் முருங்கைக்காய்ப் பை சரிந்தது.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? சாகப் பாத்திட்டுச் சிரிக்கிறியள்!"

"நிஷா, உடனே அடிச்சதப்பா! கையை வைச்சுப் பாரும்."

அவள் வாயில் தயாராயிருந்த அடுத்த ஏச்சு அப்படியே நின்றுவிட்டது.

உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கும் மாஸ்ரர் அவர். பரிவு நரம்பைப் பற்றி அவர் விடும் பகிடி ரியூட்டரிகளில் பிரசித்தம்.

நரம்பு நுனியில் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகள். உள்ளே நோரதிரினலின் என்ற இரசாயனம். விசா வந்த கையோடு ஓடுவதற்குச் சூட்கேஸைக் கட்டிக் கதவடியில் வைத்திருக்கும் எங்கட ஆக்களைப் போல. பயம் என்று சேதி வந்ததோ இல்லையோ, பை வாய் திறக்கும்; சரக்கு கொட்டும்; இதயம் துள்ளும். மிஞ்சியதை நரம்பே அள்ளி மறுபடி பைக்குள் போட்டுக்கொள்ளும். அடுத்த பயத்துக்கு உதவுமே!

வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் சில வருடங்களாக அந்தப் பாடம் அவருக்கு ஊரார் வீட்டுக் கல்யாணமாகத்தான் இருந்தது.

ஒருநாள் நாயொன்று குரைத்துக்கொண்டு மேலே பாய்ந்தது. அவர் பயந்தார், நெஞ்சு பயப்படவில்லை. வீட்டுக்கு வந்து கேற்றைப் பூட்டிய பிறகுதான் அது படபடத்தது.

மகள் பிறந்து முதன்முதல் அழுதபோது அவர் கண் கலங்கியது. நெஞ்சு மட்டும் தன்பாட்டில் நிதானமாக அடித்தது. பிறகு ஆஸ்பத்திரிக் கன்ரீனில் பிளேன்ரீ குடிக்கும்போது, இரத்தத்தோடு ஊர்ந்து வந்த அதிரினலினுக்குத்தான் அது ஆறுதலாகத் துள்ளியது. அன்றைக்கு அவர் பிளேன்ரீயை வைத்துவிட்டு அழுதார். ஏனென்று நிஷாந்தினிக்கு மட்டும் தெரியும்.

இப்போது அவள், சனம் பார்க்கப் பார்க்க, அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அது இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சென்னையில், சத்திரசிகிச்சைக்கு முன் டொக்டர் சொன்னது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"ரத்தக்குழாயெல்லாம் நாங்க தைச்சுடுவோம் சார். நரம்பைத் தைக்க முடியாது. இது வேற ஒருத்தரோட இதயம். உங்ககூடப் பழகுறதும் பழகாததும் அதோட இஷ்டம்."