அப்பா, நில்லுங்க!

"சிரிக்காதேடா. கழுதைப்புலி கடிக்க வராது. மூத்திரத்தை மேல தெளிச்சு ஆளை மயக்கித் தன் குகைக்குக் கூட்டிட்டுப் போயிடும். ரத்தம் வந்தாத்தான் மயக்கம் தெளியும். உன் சித்தப்பன் நெத்தித் தழும்பு எப்படி வந்துச்சுன்னு நெனச்சே?"

"பைக்ல இருந்து விழுந்தார்னு சித்தியே சொன்னாங்க. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுக்கிட்டு மலையேறுற நீங்க, கழுதைப்புலிக்குப் பயப்படுறீங்களேப்பா!"

ராக்கான் தலைநகர் அம்மானில் வங்கி வேலை பார்ப்பவன். அப்பா ஃபவ்வாஸ் ஆசைப்பட்டாரே என்று வெள்ளிக்கிழமை லீவில் ஜோர்டானின் தென்கோடி மலைப் பூங்காவுக்கு அழைத்து வந்திருந்தான். இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா தன் வரிபோட்ட சாம்பல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஷூ நாடா அவிழ்ந்தது. ராக்கான் குனிந்து கட்டினான். பக்கத்துப் புதர் முகத்தில் ஈரமாக உரசியது. மழை கண்டு மாதக்கணக்கான மலையில் ஈரம் எங்கிருந்து வந்ததோ, ஒரே நாற்றம். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அப்பா பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, நில்லுங்க! அது வழி இல்ல!"

அவர் திரும்பவில்லை. மங்கலில் வரிபோட்ட சாம்பல் முதுகு மட்டும் தெரிந்தது. ராக்கான் பின்னாலேயே பள்ளத்தில் இறங்கினான். இந்த வேகத்தை அவர் இதயம் தாங்குமா? எங்காவது சுருண்டு விழுந்தால் இருட்டில் எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

"டாக்டர் என்ன சொன்னாரு? மெதுவாப் போங்கப்பா!"

அப்போதுதான் பின்னால் ஓர் ஊளை கேட்டது. கூடவே கற்கள் உருளும் சத்தம். ஏதோ ஒன்று அவனைத் துரத்தி வந்தது. சற்று முன் சிரித்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்பா, பின்னால ஏதோ வருது! என்னை விட்டுட்டுப் போகாதீங்கப்பா!"

சின்னப் பிள்ளை போலக் கதறிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. ஒரு கல் முதுகில் வந்து விழுந்தது. சரிவே இடிகிறதோ?

அப்பா ஒரு பாறை இடுக்கில் நுழைந்தார். ராக்கானும் பாய்ந்தான். குனிய மறந்துவிட்டான். நெற்றி பாறையில் மோதி, ரத்தம் கண்ணில் வழிந்தது.

அந்த நொடியே, பின்னால் கேட்ட ஊளை பேச்சாக மாறியது.

"நில்லுடா ராக்கான்! எவ்வளவு நேரமாக் கத்துறேன், கல்லெறியறேன்... காது கேக்கலியாடா!"

திரும்பினான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கையில் கல்லோடு நின்றிருந்தார் அப்பா.

குகைக்குள், முன்னால் போனது முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தது.