சத்தமில்லாத ரயில்

“அப்பா, அம்மா ஏன் ரயில் ஏறல?” என்று ஐந்து வயதில் சேதுபதி கேட்டபோது, “அவளுக்கு நாம வேண்டாமாம்லே” என்றார் அப்பா. அதை நம்பி வளர்ந்த சேதுபதி அவளுடைய சாவுக்கும் போகவில்லை.

தண்டவாளம் பிடுங்கி அறுபது வருடமான அந்த ரயில் பாதையை, யாரோ ஒரு எஞ்சினியர் ஆசைக்கு எடுத்துவைத்த ஊமைப்படத்தை நூலகத்தில் போட்டார்கள்; முதியவராகிவிட்ட சேதுபதியும் பார்க்கப் போயிருந்தார். புகை, மரப்பெட்டிகள். ஒரு ஜன்னலில் அப்பா. அவர் மார்பில் முகம் புதைத்து ஐந்து வயதுச் சேதுபதி. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அம்மாவின் விரல்களை அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார். விழப்போனவளை ஒரு போர்ட்டர் தாங்கி, தன் துண்டை விரித்து உட்கார வைக்கிறார்.

“வண்டிய விட்டுட்டா பாருங்க, அண்ணாச்சி!” என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

அடுத்த அமாவாசையில், ஆளரவமற்ற படித்துறையில் அம்மாவுக்கு முதன்முறையாக எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பிறகு, பெயர் தெரியாத அந்தப் போர்ட்டருக்கும் ஒரு கை.