மின்விசிறிக்கு நேர்கீழே

அரசுப் பள்ளி ஆசிரியர்களை வைத்து ஊரே சிரிக்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எழுதிய எழிலிக்கு அன்று ஒரு பள்ளியின் வகுப்பறையிலேயே பாராட்டு விழா. விருந்தாளிக்குக் காற்று வரட்டுமே என்று தலைமையாசிரியர் அவள் நாற்காலியை மேடைமேல் மின்விசிறிக்கு நேர்கீழே போட்டுவிட்டார். கூரை விரிசல் விட்ட அந்த இடத்தில் பிள்ளைகள் யாரையும் நிற்கக்கூட விடாதவர் அமிர்தகனி டீச்சர். பொன்னாடை போர்த்தப் போனவரின் கண்ணில், எழிலியின் தலைமுடிமேல் சிமெண்ட் தூள் உதிர்வது பட்டது. அண்ணாந்து பார்த்தார். சொல்ல நேரமில்லை. கழுத்தில் போட்ட ஆடையின் இரு முனையையும் பிடித்து, முரண்டு பிடிக்கும் மாட்டை இழுப்பதுபோல் இழுத்தார். எழிலி மேடையிலிருந்து குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். "அடிப்பாவி, கொல்றாளே!" என்று அவளுடைய உதவியாளன் பாய்ந்து, டீச்சரின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். "மேல பாருங்க சார்... மேல!" என்றார் டீச்சர். எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. "மேல என்னடி இருக்கு, பொறாமை புடிச்சவளே?" அவன் கன்னத்தில் விட்ட அறையில் டீச்சருக்குக் காது அடைத்துப்போனது. வீங்காத கண்ணால் டீச்சர் பார்த்தார். முதலில் அவர் அண்ணாந்த உடனேயே, யாரும் சொல்லாமல், அவர் பழக்கியிருந்தபடி பிள்ளைகள் அத்தனை பேரும் பெஞ்சுக்கு அடியில் புகுந்திருந்தார்கள். தரையில் கிடந்த எழிலிக்கு அந்த முகங்கள்தான் தெரிந்தன. அவள் மேலே பார்க்கவில்லை. முழங்கையை ஊன்றி, ரத்தம் சொட்டச் சொட்ட அவர்களை நோக்கித் தவழ ஆரம்பித்தாள். "சீக்கிரம் வாங்கக்கா" என்று ஒரு சிறுமி ஒடுங்கி உட்கார்ந்து இடம் விட்டாள்.