கேட்கும், பேசாது

"மேகலை, பேட்டரி மாத்து."

தொண்டையைச் செருமிக்கொண்டு மாயவன் வாசலில் இருந்தே சொன்னான். சன்னல் மேல் இருந்த ரேடியோ ஸ்கேனர் பீப், பீப் என்று இரண்டு தரம் கத்தி ஓய்ந்திருந்தது. ராத்திரி பூரா சார்ஜ் போட்டதுதானே என்று அவன் மனைவி மணிமேகலை அடுப்படியில் இருந்து சலித்துக்கொண்டாள். குஞ்சில் எடுத்து வளர்த்துப் பறக்கவிட்ட மைனாவுக்கு ஒரு கிள்ளு களியை எறிந்துவிட்டு, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஒகேனக்கல் துறைக்கு இறங்கிப் போனான்.

அன்றைக்கு ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறியது. பரிசலைப் பாறை இடுக்கில் இருந்து எடுத்தார்கள். அவன் உடலை ஏரியூர்ப் பக்கம், நாகமரையில் கரையேற்றினார்கள்.

ஸ்கேனர் அவன் பரிசலில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர், பழசாகிவிட்டது என்று கொடுத்துப் போனது. காற்றில் யார் யாரோ பேசுவதைத் தேடிப் பிடித்துக் கேட்கும், திருப்பிப் பேசாது. ஆற்று நிலவரம் ஏதாவது காதில் விழுமா என்று மாயவன் தினமும் அதைத் திருகிக்கொண்டிருப்பான். அன்று மட்டும் அது ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் மணிமேகலையின் தம்பி சின்னராஜ் காரிமங்கலத்தில் இருந்து டெம்போ பிடித்துக்கொண்டு அவள் வீடு இருக்கும் ஊட்டமலைக்கு வந்தான். உன் அக்கா பெட்டியோடு பேசுகிறாள் என்று யாரோ அவனுக்குப் போன் போட்டிருந்தார்கள். வந்த மறுநாள் காலை கொல்லையில் பல் விளக்கும்போது அவனே பார்த்தான். பெட்டி கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியில் தனியாக இருந்த அக்கா, "நேத்துதானுங்க மாத்துனேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, வந்து பேட்டரியை மாற்றினாள்.

சாமானைக் கட்டு என்றான். இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெட்டியைச் சரிசெய்து சத்தம் நின்றால் அவள் இங்கேயே இருக்கலாம். நிற்காவிட்டால் டெம்போவில் ஏற வேண்டும்.

மணிமேகலை தலையாட்டினாள். சத்தம் நிற்கக் கூடாது என்றும் அவள் மனசு அடித்துக்கொண்டது. சத்தத்துக்குப் பிறகு கேட்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பென்னாகரத்தில் ரேடியோ, மொபைல் பழுது பார்க்கும் ரஞ்சித்குமாரைச் சின்னராஜ் கையோடு அழைத்து வந்தான். வழியிலேயே பேய், பிசாசு என்று சொல்லி வைத்திருப்பான் போல.

"ராத்திரியிலயும் கத்துமாக்கா?" என்று ரஞ்சித்குமார் கேட்டான்.

"வெளக்கு வெச்சுட்டா கத்தாதுப்பா."

"ராத்திரில தூங்கற பேய இப்பத்தாங்க கேள்விப்படறேன்" என்று சின்னராஜைப் பார்த்துச் சிரித்தபடி அவன் பேட்டரி மூடியைக் கழற்றினான்.

பேட்டரிகளுக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்சு இருந்தது. சாதா பேட்டரியா, சார்ஜ் பேட்டரியா என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். சார்ஜ் பேட்டரியில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். சுவிட்சு சாதாவில் கிடந்ததால், முழுசாக ஏறியதைக்கூடத் தீர்ந்து போனதாக நினைத்துப் பெட்டி இத்தனை காலம் பொய்யாகக் கத்தியிருக்கிறது. ரஞ்சித்குமார் நகத்தால் சுவிட்சைத் தள்ளிவிட்டு, மூடியைப் போட்டு, சன்னலில் வைத்தான்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். டீ போட்டுக் குடித்து முடிக்கிற வரைக்கும் பெட்டி வாய் திறக்கவில்லை. சின்னராஜ் முகம் தெளிந்து, வண்டி வேண்டாம் என்று டெம்போக்காரனுக்குப் போன் போட எழுந்தான். மணிமேகலை காலி டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பீப், பீப்.

ரஞ்சித்குமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. சன்னலை எட்டிப் பெட்டியை எடுத்து, பேட்டரி அத்தனையும் உருவி உள்ளங்கையில் கொட்டினான். உயிரில்லாத பெட்டி மடியில் கிடந்தது.

பீப், பீப்.

"அக்கா, கெளம்பு" என்றான் சின்னராஜ். "இனிமே ஒரு நிமிஷம் இந்த வூட்ல இருக்கக் கூடாது."

ரஞ்சித்குமார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முருங்கைக் கிளையில் மைனா உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்து உப்பியது. பீப், பீப்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க பேய் அங்க ஒக்காந்திருக்குது பாருங்க. பொட்டி சத்தத்த அப்படியே புடிச்சுக்கிச்சு."

சின்னராஜுக்கு முதலில் வெட்கமாகவும் பிறகு கோபமாகவும் வந்தது. இந்தச் சனியனை விரட்டிவிட்டால் தீர்ந்தது என்று வாசலுக்குப் போய்க் கல்லைக் குனிந்து எடுத்தான். மணிமேகலை ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் அப்படி இறுக்கிப் பிடிப்பாள் என்று அவன் நினைக்கவில்லை.

"இருடா. அது இன்னும் முடிக்கல."

மைனா தலையைச் சாய்த்து வீட்டுக்குள் பார்த்தது. பீடி குடிக்கிற ஆள் போல ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"மேகலை, பேட்டரி மாத்து."