பத்து சதவீதம்

மூக்கையா எழுந்து நின்று தாளைப் படித்தார்.

"என் நினைப்பு: சோத்துக்கு வைக்கிற வெஞ்சனத்துல யாரோ என்னமோ கலக்குறாங்க. எம்புட்டு நிச்சயம்: பத்து சதவீதம்."

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கட்டிய மனைவி சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

அவருக்கு மனச்சிதைவு. ஆறு வருஷமாக.

மாத்திரை ஒரு பக்கம் ஓடுகிறது. அதோடு சேர்த்து, தை மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் திண்டுக்கல்லில் இந்த மாடி அறையில் வகுப்பு. மனசில் ஒன்று தோன்றினால் உடனே அதைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், அது எவ்வளவு நிச்சயம், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசிக்கப் பழக்குகிறார்கள்.

ஒரு படத்தைத் துண்டு துண்டாகக் காட்டுவார்களாம். தும்பிக்கை மாதிரி ஒன்று தெரிந்ததும் யானை என்று கத்தக் கூடாது. முழுசாகத் தெரியும்வரை பொறுக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஊரில் பாதிப் பேரை இங்கே கொண்டுவந்து உட்கார வைக்கலாம். என் நாத்தனாரை முதல் நாற்காலியில்.

இன்றைக்கு வீட்டு ஆட்களையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

இதே வரிக்குத் தையில் அவர் போட்ட எண் நூறு. மாசிக் கடைசியில் எழுபது. இப்போது சித்திரையில் பத்து. வகுப்பு எடுக்கும் தேவதர்ஷினி, பலகையில் மூன்றையும் எழுதி இறங்குமுகமாக ஒரு கோடு இழுத்தார். சின்ன வயசு. முகத்தில் பூரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

"வேற காரணம்னு என்ன எழுதிருக்கீங்கண்ணே?"

"கசந்தது என் நாக்கு. கலக்குனது யாருமில்ல."

மறுபடி கைதட்டல். அவர் உட்காரவில்லை.

மூக்கையா கல்யாணச் சமையல் மாஸ்டர். ரெட்டியார்சத்திரம் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் உப்புப் பார்க்க அவரைத்தான் தேடுவார்கள். பேரில் மூக்கு, பிழைப்பு நாக்கில் என்று கேலி பேசுவார்கள். கரண்டி நுனியிலிருந்து ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, "அரைப்பிடி" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

நோய் வந்த பிறகு யாரும் கூப்பிடவில்லை. போன வாரம்தான் காண்ட்ராக்டர் வேலுமணி வீடு தேடி வந்தார். வைகாசியில் நத்தத்தில் கல்யாணம், எழுநூறு இலை, மாஸ்டர் நீங்கள்தான் என்றார். இவர் அன்றைக்கே பரணிலிருந்து கரண்டிகளை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நத்தத்துக்கு நான் போகல டீச்சர்" என்றார் இப்போது. "இம்புட்டு வருசம் கசக்காததக் கசக்குதுன்னு சொன்ன நாக்கு இது. இத நம்பி எழுநூறு பேருக்கு எப்படி உப்புப் பாக்குறது?"

கோபமில்லாமல், கணக்குப் போட்டு விடை சொல்வது மாதிரி சொன்னார். தேவதர்ஷினி வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

நானும் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த மாதம் பத்தும் பூஜ்யமாகியிருக்கும். அவரும் டிவிக்கு முன்னால் அமைதியாகக் கிடப்பார். ஆனால் அந்த முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"நாந்தாங்க கலக்குனேன்."

யாரும் கைதட்டவில்லை.

மாத்திரையை அவர் துப்பிக்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. டாக்டரிடம் அதையே சொட்டு மருந்தாக எழுதி வாங்கி, பொரியலிலோ ரசத்திலோ ஐந்து சொட்டு. விட்டால் ஆள் கைக்கு எட்டாமல் போய்விடுவார் என்ற பயம். என்னமோ கலந்திருக்கிறாய் என்று அவர் தட்டைத் தள்ளும்போதெல்லாம், உங்களுக்குப் புத்தி சரியில்லை என்று சொன்னவளும் நான்தான். இங்கே சேர்த்தபோது படிவத்திலும் அதையே எழுதிக் கொடுத்தேன்: சாப்பாட்டில் எதையோ கலப்பதாகச் சந்தேகப்படுகிறார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உப்புப் பார்க்கும்போது இருக்கிற அதே முகம்.

"எப்ப நிறுத்துன?"

"தையில. நீங்களா மாத்திரைய வாங்கிப் போட ஆரம்பிச்சீங்கள்ல, அன்னைக்கே."

விரல் விட்டு எண்ணினார்.

"தை இல்ல. மாசி மகத்தன்னைக்கு ரசத்துல இருந்துச்சு. மறுநாள்லருந்துதான் இல்ல."

சரிதான். மாத்திரையை அவர் நிஜமாகவே விழுங்குகிறாரா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மாதம் கூடுதலாக ஊற்றினேன். பாட்டில் தீர்ந்தது மாசி மகத்தன்றுதான். இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல எழுந்தவள், அந்த ஒரு மாதத்தை மட்டும் விழுங்கப் பார்த்தேன்.

தேவதர்ஷினி பலகையில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கையா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வேலுமணிட்ட வாரேன்னு சொல்லிரு."

எனக்கு உயிர் வந்தது. வேகமாகத் தலையாட்டினேன்.

"நாளையிலருந்து வீட்லயும் நானே ஆக்கிக்கிறேன்" என்றார்.

எனக்கும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.