மேல் ஓட்டை

மரியதாஸ் வீட்டு ஸ்பீக்கர் பாட்டுக்கு நடுவே ஓயாமல் முனகியது. அவர் பிளக் பாயிண்டின் கீழ் ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது.

"கரண்ட் நல்லாத்தான் வருது. ஸ்பீக்கர்லதான் கோளாறு" என்றார்.

ஸ்பீக்கர் பிளக் பாயிண்டிடம் கேட்டது: "ஷாக்கைத் தடுக்கிற எர்த் கம்பி உன் மேல் ஓட்டையில இருக்கா?"

"அப்புறம் வந்து கொடுக்கறேன்னு வயரிங்காரர் போனார். பதினோரு வருஷமாச்சு. என்னை யாரு கேட்டா?"

"அதைச் சொல்லத்தானே நான் முனகுறேன்!"

மறுநாள் ஸ்பீக்கர் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதே பாயிண்டில் மரியதாஸ், வயர் தேய்ந்த இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். சத்தமே இல்லை.

"இப்பத்தான் நிம்மதி" என்றவர், பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் நனைத்தார்.